என்டிபி 'ஆன்'ல இருக்கு... ஆனா நேரம் சரியா இருக்கா? லினக்ஸ் சர்வர்களின் கடிகாரச் சிக்கல் - ஓர் அலசல்

லினக்ஸ் சர்வர் ஒன்றில் நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, 'டைம்டேட்-சிடிஎல்' என்ற கட்டளையைத் தட்டினால் திரையில் ஏழெட்டு வரிகள் வரும். அதில் இரண்டு வரிகள் முக்கியம். நேரத்தைச் சரிசெய்யும் சேவை இயங்குகிறதா என்று ஒரு வரி சொல்லும். கணினியின் கடிகாரம் உண்மையிலேயே சரியான நேரத்துடன் ஒத்துப்போய்விட்டதா என்று இன்னொரு வரி சொல்லும்.

முதல் வரியில் 'ஆக்டிவ்' என்றும், அடுத்ததில் 'நோ' என்றும் இருந்தால்? வேலைக்கு ஆள் வந்தாச்சு, ஆனா வேலை நடக்கல என்று அர்த்தம்.

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு மட்டுமான விஷயம் போலத் தோன்றலாம். ஆனால், இந்தியாவில் இது இப்போது சட்டத்தோடும் தொடர்புடைய விஷயம். சர்வர் கடிகாரத்தை எதனுடன் இணைக்க வேண்டும் என்று அரசு விதி போட்டிருக்கிறது. இணைத்த பிறகு கடிகாரம் அந்த நேரத்தை ஏற்றுக்கொண்டதா என்பதைப் பார்க்க வேண்டியது யார்? சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அரசு விதி என்ன சொல்கிறது?

இணையப் பாதுகாப்பு சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு செர்ட்-இன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ், 2022 ஏப்ரல் 28 அன்று இந்த அமைப்பு ஒரு உத்தரவு பிறப்பித்தது. இணையத் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பதும், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களைச் சேமிக்க வேண்டும் என்பதும்தான் அப்போது தலைப்புச் செய்தி ஆனது.

ஆனால், அந்த உத்தரவின் முதல் அம்சமே கடிகாரம் பற்றியதுதான். நிறுவனங்கள், டேட்டா சென்டர்கள், அரசு அமைப்புகள் எல்லாம் தங்கள் கணினிகளின் நேரத்தை தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களுடன் இணைக்க வேண்டும். அவற்றிடமிருந்து நேரம் பெறும் வேறு சர்வர்களுடனும் இணைக்கலாம். பல நாடுகளில் கணினிகள் வைத்திருப்பவர்கள் வேறு நம்பகமான நேர மூலத்தையும் பயன்படுத்தலாம். ஆனால், அது இந்த இரண்டு அமைப்புகளின் நேரத்திலிருந்து விலகக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? காரணம், பதிவுகள். கணினியில் நடக்கும் ஒவ்வொன்றும் 'லாக்' எனும் பதிவேட்டில் நேரத்தோடு எழுதப்படுகிறது. இந்தப் பதிவுகளை 180 நாள்களுக்கு வைத்திருக்க வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது.

ஒரு உதாரணம். ஒரு அலுவலகத்தின் ஃபயர்வால் கடிகாரம் 3 நிமிடம் முன்னால் ஓடுகிறது. உள்ளே இருக்கும் சர்வரின் கடிகாரம் 2 நிமிடம் பின்தங்கி இருக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் நுழைந்த அடுத்த நிமிடமே சர்வரில் ஃபைல் ஒன்று திருடப்படுகிறது. பிறகு விசாரணை அதிகாரி இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? ஃபைல் முதலில் போயிருக்கிறது, நாலு நிமிடம் கழித்துத்தான் ஆள் உள்ளே வந்திருக்கிறார். அப்புறம் என்ன, உள்ளே வேலை பார்க்கும் யாரோ ஒருவர் மீது சந்தேகம் திரும்பும்.

மின்னணு ஆவணங்களைச் சாட்சியமாக ஏற்பதற்கான நிபந்தனைகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆவது பிரிவில் இருக்கின்றன. சம்பந்தப்பட்ட காலத்தில் கணினி முறையாக இயங்கியதா என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. கடிகாரமே தப்பாக ஓடிய கணினியை முறையாக இயங்கிய கணினி என்று சொல்ல முடியுமா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால், பதில் சொல்வது அத்தனை சுலபமல்ல.

2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இன்னொரு அடி எடுத்து வைத்தது. சட்ட, நிர்வாக, வணிக, நிதி ஆவணங்களில் இந்திய நிலை நேரத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற வரைவு விதிகளை வெளியிட்டு, பிப்ரவரி 14 வரை பொதுமக்களிடம் கருத்து கேட்டது. 'ஒரே நாடு, ஒரே நேரம்' என்பது இதற்கு அரசு வைத்திருக்கும் பெயர்.

கணினிக்கு நேரம் எங்கிருந்து வருகிறது?

ஒரு கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள் உண்டு. மதர்போர்டில் காசு அளவு பேட்டரியில் ஓடுவது ஒன்று. மின்சாரம் போனாலும் இது நிற்காது. கணினி ஆன் ஆகும்போது லினக்ஸ் இதைப் பார்த்துத் தன் சொந்தக் கடிகாரத்தைத் தொடங்கிக்கொள்ளும். அது இரண்டாவது கடிகாரம். நாம் திரையில் பார்ப்பது இந்த இரண்டாவதைத்தான்.

இரண்டுமே குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பை எண்ணித்தான் நேரம் சொல்கின்றன. சூடு ஏறினால் ஒரு மாதிரி, ஏசி அறையில் ஒரு மாதிரி துடிக்கும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 விநாடி தப்பும். ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் 50 விநாடிக்கு மேல்.

இதைச் சரிசெய்யத்தான் என்டிபி, அதாவது நெட்வொர்க் டைம் புரோட்டோகால் இருக்கிறது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் உருவாக்கியது இது. 1985-ல் ஆவணமாக வெளியானது. இன்றும் இணையத்தில் புழங்கும் மிகப் பழைய நடைமுறைகளில் ஒன்று. 2024 ஜனவரியில் மில்ஸ் தன் 85ஆவது வயதில் காலமானார்.

என்டிபி செய்வது எளிமையான கணக்கு. கணினி, 'மணி என்ன?' என்று நேர சர்வரிடம் கேட்கிறது. பதில் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, அதில் பாதியைக் கழித்துக்கொள்கிறது. போன வழியும் வந்த வழியும் ஒரே தூரம் என்ற நம்பிக்கையில் போடும் கணக்கு இது. நிஜத்தில் அப்படி இருக்காது என்பதால் சில மில்லி விநாடிகள் தப்பும். பெரும்பாலான வேலைகளுக்கு அது பிரச்னையே இல்லை. பங்குச்சந்தை போன்ற இடங்களில்தான் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிவேக வர்த்தகம் செய்வோரின் கடிகாரம் 100 மைக்ரோ விநாடிக்கு மேல் பிசகக் கூடாது என்று 2018 ஜனவரி முதல் விதியே இருக்கிறது.

இந்தியாவில் இந்தச் சங்கிலியின் உச்சியில் இருப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்குள்ள சீசியம் அணுக் கடிகாரங்களும் ஹைட்ரஜன் மேசர்களும்தான் இந்திய நிலை நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

எவ்வளவு தப்புகிறது என்பதே துப்பு!

கடிகாரம் தப்பாக இருக்கிறது என்று தெரிந்தவுடன் பலர் செய்வது, நேரத்தைக் கையால் மாற்றி வைப்பது. அடுத்த நாளே மறுபடி தப்பும். அதற்கு முன், எவ்வளவு தப்புகிறது என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். நோய் என்னவென்று பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பினால், அது கடிகாரக் கோளாறே அல்ல. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கும் நம்ம ஊர் மாணவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்த தலைவலி. மதர்போர்டு கடிகாரத்தில் இந்திய நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். அதே கடிகாரத்தில் உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் ஐந்தரை மணி நேரம் முன்னே பின்னே ஓடும். இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவந்தால் முடிந்தது. விண்டோஸை உலக நேரத்துக்கு மாற்றுவதே நல்லது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் அதுவே ஒரு எச்சரிக்கையைக் காட்டும்.

பல வருடங்கள் பின்னால் போய் நின்றால், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சிறிய கணினியான ராஸ்பெர்ரி பையில் கதை வேறு. நான்காம் தலைமுறை வரை வந்த சாதாரண போர்டுகளில் பேட்டரி கடிகாரமே கிடையாது. ஐந்தாவதில் கடிகாரம் வந்துவிட்டது, ஆனால் பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். மின்தடை முடிந்து மீண்டும் ஆன் ஆகும்போது, கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்துதான் தொடங்கும். நெட் இல்லாத இடத்தில் அப்படியே பழைய நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

நாளுக்கு ஒன்றிரண்டு விநாடி என்று மெதுவாக விலகிக்கொண்டே போனால், ஒத்திசைவு நடக்கவே இல்லை. லேப்டாப்பை மூடித் திறந்த பிறகோ, மெய்நிகர் கணினியை நிறுத்திவைத்துத் தொடங்கிய பிறகோ நேரம் திடீரென்று பின்தங்கினால், தூங்கி எழுந்த கணினி விட்ட நேரத்தை இன்னும் பிடிக்கவில்லை. மெய்நிகர் கணினிகளில் இன்னொரு கூத்தும் உண்டு. உள்ளே என்டிபி ஒரு பக்கம் நேரத்தை இழுக்கும். வெளியே உள்ள தாய்க் கணினியின் மென்பொருள் இன்னொரு பக்கம் இழுக்கும். கடிகாரம் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருக்கும்.

சரியாக ஒரு விநாடி தப்பினால்? அது தனிக்கதை. கடைசியில் வருவோம்.

'ஆக்டிவ்', ஆனால் 'நோ'... எங்கே பார்க்க வேண்டும்?

முதலில், நேரத்துக்குப் பொறுப்பு யார் என்று பார்க்க வேண்டும். லினக்ஸில் இந்த வேலைக்கு மூன்று மென்பொருள்கள் புழக்கத்தில் உள்ளன. பழைய என்டிபிடி, புதிய க்ரோனி, உபுண்டுவில் பல வருடங்களாக இயல்பாக வந்த சிஸ்டம்டி-டைம்சிங்க்டி. இதில் மூன்றாவது சிறிய வேலைக்காரர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சர்வரைக் கேட்டு அதன்படி நடக்கும், பலரைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்காது. ரெட் ஹேட் எட்டாவது பதிப்பிலிருந்து க்ரோனி மட்டும்தான். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 பதிப்பும் க்ரோனிக்கு மாறிவிட்டது. இணையத்தில் கிடைத்த பழைய குறிப்பைப் பார்த்து என்டிபிடியையும் நிறுவி, ஏற்கெனவே ஓடும் சேவையையும் விட்டுவைத்தால் இரண்டும் மோதும். ஒன்றை நிறுத்தியே ஆக வேண்டும்.

அடுத்து, பதில் வந்து சேர்கிறதா? என்டிபி பயன்படுத்துவது யுடிபி 123ஆவது போர்ட். அலுவலக ஃபயர்வால்களில் இது அடைக்கப்பட்டிருப்பது சகஜம். வெப்சைட் எல்லாம் நன்றாகத் திறக்கும், நேரம் மட்டும் வராது. நெட் வேலை செய்கிறது என்பதால் யாருக்கும் சந்தேகமே எழாது.

க்ரோனி இருக்கும் கணினியில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். 'க்ரோனிசி சோர்சஸ்' என்று தட்டினால் நேர சர்வர்களின் பட்டியல் வரும். அதில் 'ரீச்' என்று ஒரு பத்தி இருக்கும். அங்கே 377 என்று இருந்தால் நல்ல செய்தி. இது என்ன விநோத எண் என்று கேட்கலாம். கடைசி எட்டு முறை கேட்டபோது பதில் வந்ததா, இல்லையா என்பதை ஒன்று, பூஜ்யம் என்று எழுதி, அதை எட்டடிமான எண்ணாகக் காட்டுகிறார்கள். எட்டு முறையும் வந்திருந்தால் 377. ஒருமுறைகூட வரவில்லை என்றால் 0. பத்தியில் 0 நின்றால், கடிகாரத்தை விட்டுவிட்டு நெட்வொர்க் பொறுப்பாளரைத் தேடிப் போகலாம்.

அதே பட்டியலில் ஒவ்வொரு சர்வர் பெயருக்கும் முன்னால் ஒரு குறி இருக்கும். நட்சத்திரம் இருந்தால் அதன் நேரத்தைத்தான் கணினி பின்பற்றுகிறது. கேள்விக்குறி இருந்தால் அந்த சர்வரை இப்போது நம்பிப் பயன்படுத்த முடியவில்லை, பெரும்பாலும் பதிலே வரவில்லை. பெருக்கல் குறி மாதிரி எக்ஸ் இருந்தால், 'இது பொய் சொல்கிறது' என்று கணினியே முடிவுகட்டிவிட்டது. இரண்டே இரண்டு சர்வர்களைக் கொடுத்து, அவை ஆளுக்கொரு நேரம் சொன்னால், யார் சொல்வது சரி என்று கணினியால் முடிவெடுக்க முடியாது. குறைந்தது மூன்று வேண்டும். நான்கு இருந்தால் ஒன்று படுத்தாலும் கவலையில்லை.

பதில் வந்தும் ஏன் ஏற்பதில்லை?

இதுதான் பலரையும் குழப்பும் இடம். சர்வர் பதில் சொல்கிறது, நேரமும் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கணினி கேட்க மாட்டேன் என்கிறது.

காரணம், வேண்டுமென்றே வைத்த ஒரு பாதுகாப்பு. தன் நேரத்துக்கும் சர்வர் நேரத்துக்கும் 1,000 விநாடிக்கு மேல், அதாவது சுமார் 17 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பழைய என்டிபிடி 'இது ஏதோ தப்பு, ஆள் வந்து பார்க்கட்டும்' என்று தானாகவே நின்றுவிடும். க்ரோனியில் வழக்கமான அமைப்புப்படி, தொடங்கியவுடன் வரும் முதல் மூன்று திருத்தங்களில் மட்டும் கடிகாரத்தை ஒரேயடியாகத் தள்ளி வைக்க அனுமதி உண்டு. அதற்குப் பிறகு எவ்வளவு தப்பினாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரிசெய்யும்.

இந்தப் பிடிவாதம் தேவையா? 2012 நவம்பர் 19 அன்று நடந்ததைப் பார்த்தால் தேவைதான் என்று தோன்றும். அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் 'டிக்', 'டாக்' என்ற இரண்டு நேர சர்வர்கள், அன்று சுமார் ஒரு மணி நேரம் 2000ஆம் ஆண்டு என்று பதில் சொல்லின. உலகமே நம்பும் அமைப்பு அது. அதை மட்டுமே நம்பி, கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட நெட்வொர்க்குகள் 12 வருடம் பின்னால் போயின. பயனாளர்கள் உள்ளே நுழைய முடியவில்லை. 1,000 விநாடி வரம்பு வைத்திருந்தவையும் பல சர்வர்களை ஒப்பிட்டுப் பார்த்தவையும் தப்பித்தன.

செர்ட்-இன் உத்தரவு வந்தபோது ஐடி நிறுவனங்கள் கவலைப்பட்டதும் இதனால்தான். எல்லோரும் இரண்டே இரண்டு அமைப்புகளைக் கேட்க வேண்டும் என்றால், அவை தடுமாறும்போது எல்லோரும் தடுமாறுவார்கள். 2022 மே மாதம் செர்ட்-இன் வெளியிட்ட விளக்கத்தில், தேசிய நேரத்திலிருந்து விலகாத வேறு தரமான மூலங்களையும் பயன்படுத்தலாம் என்று தெளிவுபடுத்தியது. ஆக, தேசிய சர்வர்கள் இரண்டோடு நம்பகமான வேறு இரண்டைச் சேர்த்து வைப்பது விதிக்கும் பொருந்தும், பாதுகாப்புக்கும் பொருந்தும்.

சரி, கையால் நேரத்தை மாற்றினால் என்ன? முன்னால் தள்ளினால் அவ்வளவு ஆபத்தில்லை. பின்னால் தள்ளினால்தான் வினை. நடந்து முடிந்த நிமிடம் மறுபடி வரும். குறித்த நேரத்தில் ஓட வேண்டிய வேலை இரண்டு தடவை ஓடலாம். டேட்டாபேஸில் பின்னால் வந்த பதிவு முன்னால் வந்ததாகக் காட்டும். அதனால்தான் என்டிபி மென்பொருள்கள் சிறு பிழைகளுக்குக் கடிகாரத்தை நகர்த்துவதில்லை, அதன் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும். என்டிபிடி இப்படி ஒரு விநாடியைச் சரிசெய்ய 2,000 விநாடி, அதாவது அரை மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். ஒரு நிமிடத்தை இதே வேகத்தில் சரிசெய்ய ஒன்றரை நாளுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். க்ரோனி இதைவிடப் பல மடங்கு வேகம். எப்படியும், சேவையைத் தொடங்கிய இரண்டாவது நிமிடமே 'இன்னும் சரியாகல' என்று மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் செய்பவர்கள், ஆறவிடாமல் புண்ணைச் சொறிகிறார்கள்.

இன்னொரு முட்டுச்சந்தும் இருக்கிறது. நேரத் தகவலை யாரும் நடுவில் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக 2020-ல் வந்த புதிய பாதுகாப்பு முறை, சர்வரின் டிஜிட்டல் சான்றிதழைச் சரிபார்க்கும். சான்றிதழ் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று இருக்கும். தேதியே தப்பாக இருக்கும் கணினி, நல்ல சான்றிதழைக்கூடச் செல்லாது என்று தள்ளிவிடும். நேரம் தெரிய சான்றிதழ் வேண்டும், சான்றிதழைச் சரிபார்க்க நேரம் வேண்டும். பேட்டரி இல்லாத சிறிய கணினிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒருமுறை தேதியைக் கையால் ஏறக்குறைய சரியாக வைத்துவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

'யெஸ்' என்று இருந்தால் நம்பலாமா?

முழுதாக நம்ப முடியாது. 'டைம்டேட்-சிடிஎல்' காட்டும் அந்த 'யெஸ்', லினக்ஸ் கெர்னல் வைத்திருக்கும் ஒரு குறியீட்டைப் பார்த்துச் சொல்லப்படுவது. நேர சர்வருடன் தொடர்பு அறுந்துபோனால் அந்தக் குறியீடு உடனே மாறாது. 'எவ்வளவு பிசகியிருக்கலாம்' என்ற மதிப்பீட்டைக் கெர்னல் ஒவ்வொரு விநாடிக்கும் 500 மைக்ரோ விநாடி கூட்டிக்கொண்டே போகும். அந்த மதிப்பீடு 16 விநாடியைத் தொட்டால்தான் 'நோ' என்று மாற்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 9 மணி நேரம். மாலை ஆறு மணிக்கு ஃபயர்வாலில் யாரோ போர்ட்டை அடைத்திருந்தாலும், நள்ளிரவு வரை 'யெஸ்' என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

தலைகீழாகவும் நடக்கும். க்ரோனியின் அமைப்புக் கோப்பில் 'ஆர்டிசிசிங்க்' என்ற ஒரு வரி விட்டுப்போயிருந்தால், கடிகாரம் துல்லியமாக ஓடினாலும் 'நோ' என்றுதான் வரும். அந்த வரிதான், சரியான நேரத்தை 11 நிமிடத்துக்கு ஒருமுறை மதர்போர்டு கடிகாரத்திலும் எழுதிவைக்கச் சொல்வது. ஆகவே யெஸ், நோ இரண்டையும் விட்டுவிட்டு 'க்ரோனிசி டிராக்கிங்' என்று தட்டிப் பார்ப்பதே மேல். எந்த சர்வரைப் பின்பற்றுகிறது, கடைசியாக எப்போது நேரம் பெற்றது, இப்போது எத்தனை விநாடி வித்தியாசம் என்று எண்ணாகவே சொல்லிவிடும்.

தணிக்கையாளர்கள் கேட்க வேண்டியதும் இதைத்தான். அமைப்புக் கோப்பில் தேசிய சர்வரின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து டிக் அடித்தால், 'இணைத்தாயிற்று' என்பதற்குத்தான் சான்று கிடைக்கும். கடிகாரம் ஏற்றுக்கொண்டதா என்பதற்கு, அந்த வித்தியாசத்தைத் தினமும் எடுத்துச் சேமித்த பதிவு வேண்டும். அப்படி ஒரு பதிவைக் காட்ட வேண்டும் என்று 2022 உத்தரவு தனியாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கடிகாரம் தப்பினால் தெரியும் அறிகுறிகளும் நேரடியாக இருப்பதில்லை. அலுவலகங்களில் பயன்படும் கெர்பரோஸ் நுழைவு முறை இயல்பாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். அதைத் தாண்டினால் சரியான பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே விடாது. 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆத்தென்டிகேட்டர் எண் ஏற்கப்படாது. உபுண்டுவில் அப்டேட் போட்டால், பட்டியல் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று பிழை வரும். பாஸ்வேர்டை மாற்றி, நெட்டை மாற்றி, கடைசியில் கணினியையே ஃபார்மட் செய்தவர்களும் உண்டு. மணியைப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றாது.

சரியாக ஒரு விநாடி... 2012 ஜூலையில் என்ன நடந்தது?

இப்போது அந்தத் தனிக்கதை. பூமியின் சுழற்சி அணுக் கடிகாரம் போல ஒரே சீராக இருப்பதில்லை. இரண்டையும் ஒட்டவைக்க, 1972 முதல் அவ்வப்போது உலக நேரத்தில் ஒரு விநாடியைச் சேர்க்கிறார்கள். பெயர் 'லீப் விநாடி'. இதுவரை 27 முறை சேர்த்தாயிற்று. கடைசியாக 2016 டிசம்பர் 31.

2012 ஜூன் 30 நள்ளிரவு உலக நேரப்படி அப்படி ஒரு விநாடி சேர்க்கப்பட்டது. இந்தியாவில் அப்போது ஜூலை 1 அதிகாலை ஐந்தரை மணி. லினக்ஸ் கெர்னல் தன் கடிகாரத்தில் அந்த விநாடியைச் சேர்த்துக்கொண்டது. ஆனால், உள்ளே அலாரம் வைத்து மென்பொருள்களை எழுப்பும் இன்னொரு பகுதிக்கு அந்தத் தகவலைச் சொல்ல மறந்துவிட்டது. அந்தப் பகுதி ஒரு விநாடி முன்னாலேயே நின்றது. விளைவு, 'அரை விநாடி கழித்து எழுப்பு' என்று சொல்லிவிட்டுத் தூங்கப்போன மென்பொருள்கள் படுத்த மாத்திரத்தில் எழுப்பப்பட்டன. மறுபடி படுத்தன, மறுபடி எழுப்பப்பட்டன. சிபியு 100 சதவீதத்தில் சுற்றியது. ஜாவாவிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் ஓடிய சேவைகள் திணறின. ரெடிட் முடங்கியது. மொசில்லாவின் சேவைகள் பாதிக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவில் ஞாயிற்றுக்கிழமை காலை, குவாண்டஸ் விமானப் பயணிகளின் செக்-இன் முறை செயலிழந்து விமானங்கள் தாமதமாயின.

இதற்கு அன்றைக்கு வேலை செய்த வைத்தியம் என்ன தெரியுமா? கணினி காட்டும் அதே நேரத்தை, அதே கணினிக்கு மறுபடி ஒருமுறை செட் செய்வது. அவ்வளவுதான். நேரம் மாற்றப்பட்டது என்ற தகவல் அப்போதுதான் அந்த அலாரம் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது.

2017 புத்தாண்டு பிறந்த நொடியில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் இன்னொரு வகை சிக்கல். நேரம் ஒருபோதும் பின்னால் போகாது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட புரோகிராமில், இரண்டு நேரங்களின் வித்தியாசம் மைனஸில் வந்தது. அந்த மென்பொருள் படுத்துவிட, சில இணையதளங்களின் முகவரியைக் கண்டுபிடிக்க முடியாமல் போனது.

கூகுள் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. அந்த ஒரு விநாடியை ஒரேயடியாகச் சேர்க்காமல், 24 மணி நேரத்துக்கும் பரப்பி மெல்ல மெல்லக் கரைத்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால், அப்படிக் கரைக்கும் சர்வர்களையும் கரைக்காத சர்வர்களையும் ஒரே பட்டியலில் கலந்து வைத்தால், அந்த ஒரு நாள் மட்டும் இரண்டு தரப்பும் அதிகபட்சம் அரை விநாடி வரை முரண்படும். எது பொய் என்று கணினி திணறும். பட்டியலில் கூகுளைச் சேர்ப்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

லீப் விநாடி இனியும் வருமா?

2022 நவம்பரில் பாரிஸ் அருகே கூடிய எடைகள், அளவுகளுக்கான பொது மாநாடு, 2035-க்குள் இந்த முறையைக் கைவிட முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு துபாயில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாடும் அதை ஏற்றது. ஆனால், அதுவரை விதி அப்படியேதான் இருக்கும்.

இதற்கிடையில் பூமி சமீப ஆண்டுகளில் சற்று வேகமாகச் சுழல்கிறது. இப்படியே போனால் ஒரு விநாடியைச் சேர்ப்பதற்குப் பதில் கழிக்க வேண்டி வரலாம். புவி வெப்பமயமாதலால் துருவப் பனி உருகுவது இதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது என்றும், 2029 வாக்கில் அப்படி ஒரு நிலை வரலாம் என்றும் 2024 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வெளியான டங்கன் அக்னியூவின் ஆய்வு கணித்தது.

கழிப்பது என்று முடிவானால், அன்றைய நாளில் 23:59:58-க்கு அடுத்து நேராக 00:00:00 வரும். அதற்கான வரிகள் லினக்ஸ் கெர்னலில் எழுதியே வைக்கப்பட்டுள்ளன. உலக நேரத்தில் ஒருமுறைகூட அவற்றுக்கு நிஜமாக வேலை வந்ததில்லை.